பத்துத் தடவை எழுத்தறிவு பெற்ற எல்லையம்மாள்

வேலாம்பட்டினத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஐம்பது அறுபது பேராவது இருப்பார்கள். ஆனால் அந்தத் தகுதியைப் பல்கலைக்கழக முத்திரையோடு வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டவள் எல்லையம்மாள் ஒருத்திதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குப்பத்துக்குத் தபால்காரர் வந்தால் சைக்கிளை நேராக அவள் வீட்டு வேலியில்தான் சாய்ப்பார். பஹ்ரைன், மஸ்கட், சிங்கப்பூர் என்று எங்கிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் பிரித்துப் படித்துச் சொல்பவள் அவள். பதில் எழுதிப் போடுபவளும் அவளே. வெறுமனே படிக்கமாட்டாள், படிக்கும்போதே திருத்துவாள். 'அம்மா சுகமா' என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு மூன்று பக்கம் பெண்டாட்டியைக் கொஞ்சியிருப்பான் ஒருவன். மாமியார்க்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த மூன்று பக்கத்தில் ஒரு பக்கத்தைத் தாய்ப்பாசமாக மாற்றி வாசித்துவிடுவாள். பல குடும்பங்கள் தனிக்குடித்தனம் போகாமல் தப்பியது இப்படித்தான்.

அவள் புருஷன் உத்திராபதியும் பஹ்ரைனில்தான் இருந்தான், ஓர் அரபிக்காரரின் மீன்பிடி லாஞ்சில். சொந்தக் கடலில் மீனை விட்டுவிட்டு அடுத்தவன் கடலில் போய் மீன் பிடிப்பானேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஊரில் ஆம்பிளைகள் இருந்தால்தானே.

எல்லையம்மாள் படித்தது பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை. அதற்கு ஒரே அத்தாட்சியாக இருந்த பதிவேடு எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் பீரோவோடு கடலுக்குப் போயிற்று. பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓடு வந்தது, பெஞ்சு வந்தது, புதுப் பீரோகூட வந்தது. பதிவேடு வரவில்லை. அன்றிலிருந்து எல்லையம்மாளின் படிப்பு அவள் மண்டைக்குள் மட்டும் இருந்தது. மண்டைக்குள் இருப்பதற்கு யார் முத்திரை குத்துவார்கள்?

காலையில் கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் அடுக்கி, ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்து, வயல்களைத் தாண்டி உள்ளே இருக்கும் பாய்மார் தெருக்களில் வீடு வீடாக விற்பது அவள் தொழில். ஒவ்வொன்றும் வாடிக்கை வீடு. வாடிக்கை வீடு என்றால் மீன் வாங்குகிற வீடு என்று மட்டும் அர்த்தமில்லை. பெருநாளைக்குப் பிரியாணியைத் தூக்குச்சட்டியில் வைத்திருந்து கொடுக்கிற வீடு, காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மாத்திரை கொடுத்தனுப்புகிற வீடு. அப்பேர்ப்பட்ட வீட்டில் 'இல்லை' என்று சொல்ல மீன்காரிக்கு வாய் வராது. கூடையில் வஞ்சிரம் இல்லாவிட்டால்கூட, 'நாளைக்கு வரும்மா' என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய கஷ்டகாலத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

எண்பத்தெட்டில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. நல்ல எண்ணம் தோன்றினால் உடனே படிவம் அச்சடித்துவிடுவது அவர்கள் வழக்கம். பட்டம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும், எழுத்தறியாத ஒருவருக்கு நூற்றிருபது மணி நேரம் கற்றுக்கொடுக்க வேண்டும். சமூக சேவை. கட்டாயம். படிவத்தின் முதல் பக்கத்தில் கற்பவரின் கைநாட்டு. நடுவில் மணிக்கு ஒன்றாக நூற்றிருபது கட்டங்கள். கடைசிப் பக்கத்தில் 'நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்' என்று கற்றவரே தம் கைப்பட எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். இது இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

முதல் வருஷம் அந்தப் படிவத்தோடு குப்பத்துக்கு வந்தவன் தையற்கடை மீரா உசேன் மகன் அன்சார். அவன் நல்ல பையன். முறைப்படி, நிஜமாகவே எழுத்து தெரியாத ராசம்மாளிடம்தான் போனான். எல்லையம்மாளுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவள் ராசம்மாள். மூன்று நாளில் 'அ' வந்தது. நாலாம் நாள் 'ஆ' வந்தது, 'அ' போய்விட்டது. ஐந்தாம் நாள், "கருவாடு காயப் போடணும் தம்பி, நீ மழைக்காலத்துல வா" என்று ராசம்மாள் எழுந்து போய்விட்டாள். அன்சார் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த வேகத்தில் போனால் பட்டமும் பென்ஷனும் ஒரே நாளில் கைக்கு வரும். அவனுடைய மாமாவோ சார்ஜாவில் வேலை பார்த்து வைத்துவிட்டு, சர்ட்டிபிகேட் எங்கே என்று வாரம் ஒரு தடவை டெலிபோன் பண்ணிக்கொண்டிருந்தார்.

நேராக எல்லையம்மாள் வீட்டுக்கு வந்தான்.

"எக்கா, ஒரே ஒரு கைநாட்டு. அப்பறம் ஒரே ஒரு கையெழுத்து. நடுவுல உள்ளத நான் பாத்துக்கறேன்."

"எனக்குத்தான் எழுதத் தெரியுமே தம்பி?"

"அதனாலதானேக்கா ஒங்ககிட்ட வந்தேன்!"

வாடிக்கை வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா எடுத்துத் தைத்துக் கொடுத்த ரவிக்கை அப்போது அவள் உடம்பில் இருந்தது. கைநாட்டு வைத்தாள். விரலைத் துடைத்துவிட்டு, அதே கையோடு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். நூற்றிருபது மணி நேரப் படிப்பு, அடுப்பில் உலை கொதிப்பதற்குள் முடிந்தது.

மறுநாள் அன்சார் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான். பேராசிரியர் படிவத்தைத் தூக்கி எறிந்துவிட்டாராம்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்காம்க்கா. நூத்தியிருவது மணி நேரத்துல இப்பிடி எழுத வரும்னா நானே போயி அந்தம்மாகிட்டப் படிச்சிருப்பேனேங்கிறாரு. கொஞ்சம் கோணலா..."

எல்லையம்மாளுக்கு ஒழுங்காக எழுத வர நான்கு வருஷம் ஆகியிருந்தது. மோசமாக எழுதக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. பேனாவை மீன் வெட்டுகிற கத்தியைப் பிடிப்பதுபோலக் குத்துப்பிடியாகப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்து நிறுத்தினாள். வரி மேலே ஏறிக் கீழே இறங்கி, ஈர மணலில் நண்டு ஓடிய தடம் மாதிரி ஆயிற்று. பேராசிரியருக்குப் பரம திருப்தி. கண்ணில் நீர் வந்துவிட்டதாக அன்சார் சொன்னான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. அடுத்த வருஷம் அன்சாரின் சிற்றப்பா மகன் வந்தான். அதற்கடுத்த வருஷம் சுமையா என்று ஒரு பெண். இப்படி ஜூலை மாதம் பிறந்தால், கல்லூரியில் இருந்து ஒரு படிவமும் ஒரு ஸ்டாம்ப் பேடும் வாடிக்கை வீடுகளில் ஏதோ ஒன்றின் வழியாக அவள் வாசலுக்கு வந்துவிடும். காகிதக் கணக்குப்படி ஒவ்வொரு ஜூலையிலும் எழுத்து மறந்து, ஒவ்வொரு மார்ச்சிலும் எழுத்து கற்றாள். அவள் விரலை நம்பிப் பத்துப் பேர் பட்டதாரி ஆனார்கள். அதில் ஏழு பேர் விமானம் ஏறினார்கள். அன்சார் லீவில் வரும்போது டைகர் பாம் கொண்டுவருவான். சுமையா சென்னையில் வங்கிக்குப் போய்விட்டாள். நாட்டுக்குள் எதை எதையோ திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்ட வருஷங்கள் அவை. எது திறந்ததோ, எல்லையம்மாள் கைரேகை பதிந்த பட்டங்களுக்கு வளைகுடாவில் கதவு திறந்தது.

அவளுக்கும் ஒன்று வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. வருஷத்துக்கு ஒரு சான்றிதழ். 'திருமதி உ. எல்லையம்மாள் இவ்வாண்டு எழுத்தறிவு பெற்றார் எனச் சான்றளிக்கப்படுகிறது.' ஓரத்தில் கொடி, விளக்கு, துணைவேந்தர் கையெழுத்து. கடைசி நான்கும் பிளாஸ்டிக் உறை போட்டவை. உத்திராபதியின் பெட்டியில், அவனுடைய பழைய பாஸ்போர்ட்டுக்கு அடியில் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தாள்.

பதினொன்றாவது ஆளாக வந்தவன் ஃபாஜில். மளிகைக்கடை காதர் மைதீன் மகன். அவன் அம்மா ஷம்சாத், எல்லையம்மாளின் வாடிக்கைகளிலேயே பெரிய வாடிக்கை. பேரம் பேசுவாள், ஆனால் கூடையில் கடைசியாக மிஞ்சுவதை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். தொண்ணூற்றெட்டு ஜூலையில் எல்லையம்மாள் ஃபாஜிலின் படிவத்தில் கைநாட்டு வைத்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் அவன் அன்றைக்கே எழுதி வாங்கவில்லை. "மார்ச்சுல வாங்கிக்கறேன்க்கா, இப்ப புதுசா ஒரு சார் வந்திருக்காரு, மசி காய்ஞ்சத எல்லாம் மோந்து பாக்குறாரு" என்றான்.

அடுத்த ஜனவரியில்தான் வேலாம்பட்டினம் பால்வாடிக்கு ஆயா வேலை காலியானது.

எல்லையம்மாளுக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்று அவள் கழுத்தைக் கேட்டால் சொல்லும். இருபது வருஷம் கூடை சுமந்த கழுத்து, இப்போதெல்லாம் இடது பக்கம் திரும்ப மறுத்தது. கரையில் ஏற்றுமதிக் கம்பெனி வேன்கள் வந்து நின்று நல்ல மீனையெல்லாம் ஐஸ் பெட்டியில் அள்ளிக்கொண்டு போயின. மிச்சம்தான் ஏலத்துக்கு வந்தது. பஸ்ஸில் ஏறினால், "ஏய் கூடை, எறங்கு, எறங்கு! பேசஞ்சர் மேல தண்ணி சொட்டுது" என்று கண்டக்டர் அவளைக் கூடை என்றே கூப்பிட்டான். ஆயா வேலை என்றால் வீட்டில் இருந்து நாற்பது எட்டு. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, பதிவேடு எழுதுவது. யாரும் இறங்கு என்று சொல்லமாட்டார்கள்.

தகுதி மூன்றே மூன்று. உள்ளூர்க்காரியாக இருக்க வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக்கூடாது. தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு ஜூன் மாதம் நாற்பது முடிகிறது. இந்த வேலை இப்போது கிடைத்தால் உண்டு, விட்டால் கூடைதான்.

மனுப் போட்டவர்கள் இரண்டே பேர். எல்லையம்மாள் ஒன்று. ராசம்மாள் இன்னொன்று.

"ஒனக்குத்தான் எழுத்தே வராதேடி?" என்று எல்லையம்மாள் கேட்டதற்கு, "சும்மா ஒரு மனு போட்டு வெப்பமேன்னுதான். எப்பிடியும் ஒனக்குத்தான் கெடைக்கப் போவுது" என்றாள் ராசம்மாள். அந்த மனுவை எழுதிக் கொடுத்ததே எல்லையம்மாள்தான்.

எழுதப் படிக்கத் தெரியும் என்று மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினார். எல்லையம்மாள் படபடவென்று படித்தாள். ராசம்மாளும் படபடவென்று படித்தாள். பத்து வருஷமாக அந்தப் பள்ளிக்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கருவாடு காயவைத்தவள். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னதெல்லாம் மனப்பாடம். விரலை மட்டும் வரிமேல் ஓட்டினாள். புத்தகம் தலைகீழாக இருந்ததைத் தலைமையாசிரியர் கவனிக்கவில்லை. அவருக்கு மூன்று மணி பஸ்.

பேட்டி பிப்ரவரி பன்னிரண்டு, ஒன்றிய அலுவலகத்தில். ஷம்சாத்தான் யோசனை சொன்னாள். "ஃபாஜில கூட்டிட்டுப் போ எல்லையம்மா. காலேஜ் புள்ள ஒண்ணு பக்கத்துல நின்னா மரியாதையாப் பேசுவாங்க. பாவம், நீ அவனுக்கு எவ்வளவு ஒத்தாசை பண்ற."

எல்லையம்மாள் பஹ்ரைன் நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது பெட்டியைத் திறந்து, பத்துச் சான்றிதழ்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் ஃபாஜில் பைக்குள் எட்டிப் பார்த்தான். "இது எதுக்குக்கா?"

"படிச்சதுக்கு அத்தாட்சி கேட்டா? அவங்க ஒண்ணு கேட்டா நம்மகிட்டப் பத்து இருக்கே."

ஃபாஜில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் அலுவலர் அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட, கோபக்காரியாகத் தெரியாத முகம். பக்கத்தில் எழுத்தர் துரைராசு. அவர் முன்னால் ஓரத்தில் துளை துளையாக இருக்கும் நீளமான கம்ப்யூட்டர் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அந்த வருஷம்தான் பல்கலைக்கழகம் தன்னுடைய பட்டியலை முதல்முறையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லா ஒன்றியங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தது. நல்ல எண்ணம்தான்.

ராசம்மாளை, தலைமையாசிரியர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். எல்லையம்மாள் உள்ளே வந்து நின்றதும் துரைராசு காகிதத்தை விரித்தார்.

"ஒங்க பேரு இதுல இருக்கேம்மா? வேலாம்பட்டினம், எழுத்தறியாதோர், வரிசை எண் ஒண்ணு. உ. எல்லையம்மாள். கற்பித்தல் நடைபெறுகிறது, நிறைவு முப்பத்தொண்ணு மார்ச்சுன்னு போட்டிருக்கு."

"அது சும்மாங்க சார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். எட்மாஸ்டர் லெட்டர் குடுத்திருக்காருங்களே."

"எட்மாஸ்டர் பேனாவால எழுதியிருக்காரு. இது கம்ப்யூட்டர்மா."

எல்லையம்மாள் பதறவில்லை. பையைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினாள், ஏலத்தில் மீனைப் பரப்புவது மாதிரி. பத்துக் கொடி, பத்து விளக்கு, பத்துத் துணைவேந்தர் கையெழுத்து.

அலுவலர் அம்மா ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எண்பத்தொம்பதுல எழுத்தறிவு பெற்றார். தொண்ணூறுல எழுத்தறிவு பெற்றார். தொண்ணூத்தொண்ணுலயும் பெற்றார்..." குரலில் நிஜமாகவே பரிதாபம் இருந்தது. "வருஷா வருஷம் கத்துக்கறீங்க, வருஷா வருஷம் மறந்துடறீங்களாம்மா? டாக்டர்கிட்ட யார்கிட்டயாவது காட்டுனீங்களா?"

"மறக்கலீங்கம்மா!"

"மறக்கலைன்னா எதுக்கு மறுபடி மறுபடி சேந்தீங்க? பத்துத் தடவை பாஸ்னா ஒம்பது தடவை ஃபெயில்னுதானே அர்த்தம்?" என்றார் துரைராசு. கணக்கில் அவர் கெட்டி.

அலுவலர் அம்மா கையமர்த்தினாள். நியாயமான மனுஷி. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எல்லையம்மாள் பக்கம் நகர்த்தினாள். "சர்ட்டிபிகேட்லாம் கெடக்கட்டும். நீங்க ஒரு வரி எழுதுங்க. 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்'னு. அது போதும் எனக்கு."

இவ்வளவு சுலபம். எல்லையம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மேசைமேல் ஸ்டாம்ப் பேடு இருந்தது. முத்திரை இருந்தது. ஃபைல் இருந்தது. எதிரே ஆபீசரம்மா இருந்தாள். வாசலில் காலேஜ் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. பத்து வருஷமாக இந்தச் சாமான்களுக்கு நடுவில் அவள் கை என்ன செய்து பழகியதோ, அதையே செய்தது. பேனாவைக் குத்துப்பிடியாகப் பிடித்தது. மூச்சை அடக்கியது. இழுத்து இழுத்து நிறுத்தியது. பாதி வரியில்தான் அவளுக்கே தெரிந்தது, தாளில் நண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று.

துரைராசு சான்றிதழ் ஒன்றோடு இணைத்திருந்த கடைசிப் பக்க நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே கையிதான் மேடம். பத்து வருஷத்துல ஒரு முன்னேற்றமும் இல்ல."

"இருங்க, இருங்க! வேற தாளு குடுங்க, நல்லா எழுதறேன்!" பிடுங்காத குறையாக வாங்கினாள். இந்தத் தடவை எழுத்து முத்து முத்தாக வந்தது. பஹ்ரைனுக்கு எழுதுகிற எழுத்து. மருமகள்களை மாமியார்களோடு சேர்த்து வைத்த எழுத்து.

அலுவலர் அம்மா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பரிதாபம் போய், நெற்றியில் ஒரு கோடு விழுந்தது.

"ஒரே ஆளுக்கு ரெண்டு கையெழுத்தா? இதுல எது நெசம்?"

"இதுதாங்கம்மா. நான் நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவங்க. இந்தப் புள்ளைங்களுக்கு டிகிரி வேணும்னு..." என்று வாசலில் நின்ற ஃபாஜிலைக் காட்டினாள்.

"அப்பிடீன்னா?" துரைராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதத் தெரிஞ்சுக்கிட்டே பத்து வருஷமா பொய்க் கைநாட்டு வெச்சீங்களா? யுனிவர்சிட்டியையே ஏமாத்தியிருக்கீங்க. எழுதிக் குடுங்க, மேல அனுப்பிடலாம்."

அலுவலர் அம்மா வாசலைப் பார்த்தாள். "தம்பி, நீங்கதானே இந்த வருஷம் இவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறது? நீங்க சொல்லுங்க. இவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

எல்லையம்மாள் திரும்பிப் பார்த்தாள். கழுத்து இடது பக்கம் வராது, ஆகையால் உடம்பையே திருப்பிப் பார்த்தாள். ஃபாஜில் கணக்குப் போட்டான். தெரியும் என்றால், அவன் நிரப்பிய கட்டங்கள் அத்தனையும் பொய். பட்டம் போச்சு, மாமா எடுத்து வைத்திருக்கும் துபாய் விசா போச்சு. தெரியாது என்று சொல்லவும் அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் படித்த பிள்ளைகள் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். புள்ளிவிவரம் சொன்னான்.

"கத்துக்கிட்டு இருக்காங்க மேடம். அறுபத்துநாலு மணி நேரம் முடிஞ்சிருக்கு. இன்னும் அம்பத்தாறு மணி நேரம் பாக்கி."

"அப்ப ஏப்ரல்ல தெரிஞ்சிடும்" என்றாள் அலுவலர் அம்மா, நிம்மதியாக. "அடுத்த தடவை வேகன்சி வர்றப்ப போடுங்கம்மா. வயசு மட்டும் பாத்துக்குங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஃபாஜில் நான்கு தடவை "எக்கா" என்றான். நான்கு தடவையும் அதற்குமேல் போகவில்லை. எல்லையம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பத்து நாளில் ராசம்மாளுக்கு அரசாங்க முத்திரை போட்ட கவர் வந்தது. எந்தப் பட்டியலிலும் அவள் பேர் இல்லை. கற்றுக்கொடுக்க யாருமே சேர்க்காததால், எழுத்தறியாதவள் என்று அவளைக் காட்டிக்கொடுக்க ஒரு காகிதமும் இல்லை. கவரை எடுத்துக்கொண்டு நேராக எல்லையம்மாள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள்.

"எக்கா, என்னமோ வந்திருக்கு, படிச்சுச் சொல்லேன்."

எல்லையம்மாள் படித்தாள். ஊரார் கடிதங்களில் கூட்டியும் குறைத்தும் வாசித்தவள், அன்றைக்கு ஒரு வார்த்தை மாற்றவில்லை. 'மேற்படி பணியிடத்தில் நியமனம் செய்யப்படுகிறார்' வரை அப்படியே வாசித்து, மடித்து, கையில் கொடுத்தாள்.

ராசம்மாள் நின்றாள், உட்கார்ந்தாள், அழுதாள். "நான் போவலக்கா. ஒன் வேலக்கா இது."

"போடி. நீ போவலன்னா வெளியூர்க்காரி எவளாச்சும் வருவா. போயி புள்ளைங்களுக்குச் சோத்தப் போடு."

"பதிவேடுன்னு ஒண்ணு எழுதணும்ங்கறாங்களே?"

எல்லையம்மாள் கூடையை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சுரண்டினாள்.

மார்ச் கடைசியில் ஃபாஜில் வந்தான். கூடவே ஷம்சாத்தும், புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய வந்தாள். அவள் குப்பத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காத எல்லையம்மா. புள்ள பயந்துட்டான். அன்னிக்கி ராத்திரி சோறே திங்கலங்கறேன்."

"நான் என்னம்மா வெச்சுக்கப் போறேன். ஃபாரத்தக் குடு தம்பி."

ஃபாஜில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினான். நூற்றிருபது கட்டங்களும் நிரம்பியிருந்தன. 'நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தான்.

எல்லையம்மாள் பேனாவை வாங்கவில்லை. அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஸ்டாம்ப் பேடைத் தானே எடுத்தாள். கட்டைவிரலை நன்றாக உருட்டித் தேய்த்தாள். 'கற்றவர் கையெழுத்து' என்று அச்சடித்திருந்த கட்டத்தின் நட்டநடுவில் அழுத்தி வைத்தாள். ரேகை ஒன்றுவிடாமல் விழுந்தது.

"எக்கா! இது கடேசிப் பக்கம்க்கா!"

"தெரியும் தம்பி. எனக்கு எழுத வரல. அம்பத்தாறு மணி நேரம் பாக்கின்னு நீதானே சொன்ன?"

"ஏ எல்லையம்மா, வெளையாடாத" என்றாள் ஷம்சாத். "அவனுக்கு விசா மே மாசத்தோட முடிஞ்சிடும்."

"ஆபீசரம்மாவே சொல்லிடுச்சும்மா. கம்ப்யூட்டர்லயும் வந்திடுச்சு. கவர்மெண்ட விட நான் என்ன பெரிய ஆளா?"

ஷம்சாத் திட்டினாள். பிறகு கெஞ்சினாள். பிறகு பத்து நாளைக்கு அவளிடம் மீன் வாங்கவில்லை. பதினோராம் நாள் வேறொரு மீன்காரி பழைய சங்கராவைத் தலையில் கட்டிவிட்டுப் போனதும், வாசலில் வந்து நின்று, "எல்லையம்மா, இன்னிக்கி என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

மோந்து பார்க்கிற புதுப் பேராசிரியர் கைநாட்டைப் பார்த்தார். கற்பித்தலில் கோளாறு என்று முடிவுகட்டினார். ஃபாஜில் அதே நபருக்கு மறுபடி நூற்றிருபது மணி நேரம் கற்பிக்க வேண்டும், இந்தத் தடவை தாமே மொபெட்டில் வந்து பார்ப்பேன் என்று எழுதிவிட்டார். விசாவை மாமா எப்படியோ மூன்று மாதம் தள்ளி வாங்கினார்.

ஆக, அந்தச் சித்திரை வெயிலில், பல்கலைக்கழகம் அந்த நல்ல எண்ணத்தைப் படிவமாக அச்சடித்துப் பதினொரு வருஷம் கழித்து, வேலாம்பட்டினத்தில் சமூக சேவை ஆரம்பமாயிற்று. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபாஜில் சிலேட்டோடு வந்து, எல்லையம்மாள் வீட்டுக் கீற்றுப் பந்தலில் உட்கார்ந்தான். அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் குறைத்து விடமாட்டாள்.

"இது என்ன எழுத்து தம்பி?"

"எக்கா, தயவுசெஞ்சு..."

"மொபெட்டு சத்தம் கேக்குது."

"'அ'க்கா. இது 'அ'."

"அப்பிடியா? எங்க, இன்னொரு தரம் எழுதிக் காட்டு. சுழி சரியா விழல பாரு."

பால்வாடி விட்டதும் ராசம்மாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். எல்லையம்மாள் அதை மடியில் வாங்கி, வந்த பிள்ளைகள் இத்தனை, சத்துமாவு இவ்வளவு என்று முத்து முத்தாக எழுதுவாள். எழுதிக்கொண்டே, "ம், சொல்லு தம்பி, அடுத்த எழுத்து என்ன?" என்பாள். மொபெட் உள்ளே திரும்புகிற சத்தம் கேட்டால் பதிவேட்டை ராசம்மாள் பக்கம் தள்ளிவிட்டுச் சிலேட்டுக் குச்சியைக் குத்துப்பிடியாகப் பிடித்துக்கொள்வாள்.

பேராசிரியர் இறங்கி வந்து, ஆயாவம்மா பதிவேட்டை மடியில் வைத்திருப்பதைப் பார்த்துத் தலையசைப்பார். பிறகு எல்லையம்மாளின் சிலேட்டைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்.

"அந்தம்மாவப் பாத்து ஒங்களுக்கு ஒரு ஆசை வர வேண்டாமா?" என்று ராசம்மாளைக் காட்டிக் கேட்பார்.

"வருதுங்க சார்" என்பாள் எல்லையம்மாள்.